படகேறிய நர்ஸ்கள்

கேள்வி: நான் நர்ஸ். 1942-இல் பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தில் இருந்த அமெரிக்க ராணுவ நர்ஸ்களைப் பற்றி அண்மையில் படித்தேன். ஜப்பானியப் படை நெருங்கியதும் நோயாளிகளை விட்டுவிட்டுப் படகேறிவிட்டார்கள். "என்ன காரணம் சொன்னாலும் அது கைவிட்டதுதான்" என்கிறார் என் சீனியர். மறுக்கவும் முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் மனசு வரவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: நோயாளிகள் கைவிடப்பட்டார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கைவிட்டது யார் என்று உங்கள் சீனியர் கேட்கவில்லையே!

1941 டிசம்பரிலிருந்து பாருங்கள். படையெடுப்பு வந்தால் பட்டானுக்குப் பின்வாங்கி, கப்பற்படை வரும்வரை மணிலா விரிகுடாவின் வாயைக் காப்பது என்பது அமெரிக்க ராணுவத்தின் பழைய திட்டம். தளபதி மெக்ஆர்தர் அதை ஒதுக்கிவிட்டுக் கடற்கரையிலேயே எதிரியைத் தடுக்கப் போனார். அதற்கேற்ப உணவும் மருந்தும் முன்னணிக்குப் போயின. அது தோற்றதும் பழைய திட்டத்துக்கே அவசரமாகத் திரும்பினார்கள். சரக்கில் பெரும்பகுதி வந்து சேரவில்லை. ஜனவரி முதல் வாரமே அரை ரேஷன். குதிரைப்படையின் குதிரைகளையும் அறுத்துத் தின்றார்கள். கப்பற்படை வரவில்லை. மலேரியா மருந்தான குவினைன் தட்டுப்பாட்டால் அந்தக் காய்ச்சல் படையையே படுக்கையில் தள்ளியது, நர்ஸ்களையும் சேர்த்துத்தான். இரண்டாம் எண் ஆஸ்பத்திரிக்குக் கூரை கிடையாது, மரத்தடியில் கட்டில்கள். மார்ச் 11-ஆம் தேதி மெக்ஆர்தர் உத்தரவின்பேரில் கிளம்பிப் போனார். அவரை உங்கள் சீனியர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஏப்ரல் 8-ஆம் தேதி இரவு நர்ஸ்களுக்கும் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. மேலிடத்தின் பயம் வெறும் பயம் இல்லை: முந்தைய கிறிஸ்துமஸ் அன்று ஹாங்காங்கின் செயின்ட் ஸ்டீபன் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஜப்பானியப் படையினர் காயம்பட்ட சிப்பாய்களைக் கொன்று, நர்ஸ்களைப் பாலியல் வன்கொடுமை செய்து, சிலரைக் கொலையும் செய்திருந்தார்கள். அமெரிக்க நர்ஸ்களை மட்டும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னபோது, ஜோசி நெஸ்பிட் என்ற மூத்த நர்ஸ், தன்னோடு வேலை பார்த்த பிலிப்பினோ நர்ஸ்கள் வராமல் தானும் வரமாட்டேன் என்று நின்றார். அவர்களும் சேர்ந்தே போனார்கள். அன்றிரவு நோயாளிகளை விட்டு வந்ததை மறக்கவே முடியவில்லை என்று பலர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டாம் எண் ஆஸ்பத்திரியின் பிலிப்பினோ நோயாளிகளை ஜப்பானியர்கள் விரட்டிவிட்டார்கள். நடக்கவே தெம்பில்லாத பலர் வழியில் செத்தார்கள். மிச்சமிருந்த நோயாளிகளைச் சுற்றிப் பீரங்கிகளை நிறுத்திக்கொண்டார்கள். இதை எந்த நர்ஸாலும் தடுத்திருக்க முடியாது. கடைசி நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருக்கும், அவ்வளவுதான். அதுவும் சின்ன விஷயம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்த அளவில் உங்கள் சீனியரின் கோபம் நியாயம்.

அப்புறம், படகு போய்ச் சேர்ந்த இடம் ஒன்றும் பத்திரமான ஊர் இல்லை. எதிரே கொரெஹிடோர் தீவு. அங்கே மலின்டா சுரங்க ஆஸ்பத்திரியில், மேலே குண்டு விழ விழ, தூசியிலும் புழுக்கத்திலும் திரும்ப வேலையைத் தொடங்கினார்கள். ஏப்ரல் கடைசியில் கடல்விமானத்திலும் மே 3-ஆம் தேதி நீர்மூழ்கியிலும் சிலரை வெளியே அனுப்பினார்கள். மற்றவர்கள் மே 6-ஆம் தேதி தீவு சரணடையும்வரை அங்கேயே இருந்தார்கள். மாட்டிக்கொண்ட ராணுவ நர்ஸ்கள் மணிலாவின் சாந்தோ தோமாஸ் முகாமில் 1945 பிப்ரவரி வரை அடைபட்டுக் கிடந்தார்கள். கடைசி மாதங்களில் சோற்றுக்கே வழியில்லை. அங்கேயும் தலைமை நர்ஸ் மாட் டேவிசனின் கீழ் முறைபோட்டு டியூட்டி பார்த்தார்கள். கடற்படையினரையும் சேர்த்துப் பிடிபட்ட 77 அமெரிக்க நர்ஸ்களும் உயிரோடு திரும்பினார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இந்த 77 என்ற கணக்கில் நெஸ்பிட் அடம்பிடித்துக் கூட்டிவந்த பிலிப்பினோ நர்ஸ்கள் இல்லை. அதே சுரங்கம், அதே மலேரியா. பேரும் புகழும் மட்டும் ஒரு பக்கம் போய்விட்டது. கைவிட்ட கதை பேசுவதென்றால் சீனியரிடம் இதையும் சேர்த்துப் பேசுங்கள்.