தண்டவாளம் பேசுகிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லண்டனில் இருக்கும் மகன், 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்' நீராவி இன்ஜின் ஓடும் வீடியோ அனுப்பினான். ரயிலின் வாலில் ஒரு டீசல் இன்ஜினும் இருந்தது. 1923இல் கட்டியது, வயதாகிவிட்டதால் இழுக்க முடியவில்லையா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: தாராளமாக இழுக்கும் ஐயா. 1934இலேயே மணிக்கு 100 மைல் தொட்ட இன்ஜின் அது. பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுக்கவும், நடுவழியில் நின்றுபோனால் லைனைச் சீக்கிரம் காலி செய்யவும்தான் பெரும்பாலும் டீசலைக் கோக்கிறார்கள். பின்னாலேயே 200 கிலோமீட்டர் வேகத்தில் பயணிகள் ரயில் வருகிற பாதையில் இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான பாடு தண்ணீர்தான். அந்தக் காலத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே நீளமான தொட்டி இருக்கும். ஓடுகிற ஓட்டத்திலேயே இன்ஜின் தண்ணீரை அள்ளிக்கொள்ளும். அதனால்தான் 1928இல் இதே இன்ஜின் லண்டனிலிருந்து எடின்பரோ வரை 630 கிலோமீட்டர் நிற்காமல் போனது. இப்போது அந்தத் தொட்டிகள் இல்லை. ஏறக்குறைய 160 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒதுங்கி, லாரித் தண்ணீரை ஹோஸில் பிடிக்க வேண்டும். 2008இல் புதிதாகவே கட்டி முடித்த 'டொர்னாடோ' நீராவி இன்ஜினில் தண்ணீர் அள்ளும் கருவியை விட்டுவிட்டார்கள், கரிக்கான இடத்தையும் குறைத்தார்கள். இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டியான டெண்டரில் 28,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது.

அப்புறம் மேலே போகும் மின்கம்பி. விழுப்புரத்துக்குத் தெற்கே கம்பியில்லாத லைனில் ஒய்.பி. ரக நீராவி இன்ஜினில் கரி போடும் ஃபயர்மேனாக இருந்தபோது, டெண்டர் மேல் ஏறி, பின்னால் தங்கிய கரியை முன்னால் தள்ளிவிடுவேன். லண்டன்–எடின்பரோ பாதையில் தலைக்கு மேல் 25,000 வோல்ட். ஏறவே கூடாது. புறப்படும் முன்பே கரியைச் சரியாக அடுக்கியாக வேண்டும்.

கேள்வி: பழைய இன்ஜின்களுக்குப் பாதுகாப்பு விதிகளில் சலுகை உண்டா? (அரக்கோணத்திலிருந்து ஒரு மாணவி)

பதில்: பிரிட்டனில் வேகத்தை மட்டும் பொதுவாக 120 கிலோமீட்டரோடு நிறுத்தியிருக்கிறார்கள். மற்றபடி, இன்றைய ரயிலுக்கு என்ன கருவியோ அதெல்லாம் இதற்கும் வேண்டும். டிரைவர் கேபினில் ஒரு சின்ன வட்டு இருக்கும். சிக்னல் பச்சை என்றால் மணி அடிக்கும். இல்லையென்றால் ஹாரன் ஒலிக்கும். உடனே பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் வட்டில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடுகள் விரியும். தவறினால் பிரேக் தானே விழும்.

2015 மார்ச்சில் வூட்டன் பாசெட் என்ற இடத்தில் நடந்ததைக் கேளுங்கள். 'டாங்மியர்' நீராவி இன்ஜினில் அப்படிப் பிரேக் விழுந்ததும், ஓட்டத்தைத் தொடர வேண்டி அந்தக் கருவியின் குழாய் அடைப்பானைத் திருப்பி, அதைச் செயலிழக்கச் செய்துவிட்டார்கள். அடுத்து வந்த சிவப்பு சிக்னலைத் தாண்டி, சந்திப்புத் தண்டவாளத்தின் மேல் போய்த்தான் ரயில் நின்றது. கொஞ்சம் முன்புதான் இன்னொரு பயணிகள் ரயில் அங்கே கடந்திருந்தது. யாருக்கும் காயமில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். வழக்கு நடந்து, ரயிலை ஓட்டிய நிறுவனத்துக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள். சரியான தீர்ப்பு.

இப்போது லண்டனிலிருந்து வடக்கே போகும் பாதையில் சிக்னல் கம்பங்களையே எடுத்துவிட்டு, டிரைவர் முன்னால் திரையில் காட்டப்போகிறார்கள். திரை இல்லாத இன்ஜின் அங்கே நுழைய முடியாது. அதிர்வும் கரித்தூளும் சூடும் நிறைந்த கேபினில் அந்தக் கருவி தாங்குமா என்று பார்க்க, நீராவி இன்ஜின்களில் முதலாவதாக டொர்னாடோவைத் தேர்ந்தெடுத்தார்கள். இது சரிப்பட்டால்தான் மற்ற இன்ஜின்களுக்கும் அந்தப் பாதை திறக்கும். அதனால் நான் மிகவும் ஆவலோடு பார்ப்பது இந்த வேலையைத்தான்.

கேள்வி: நம் ஊரில் இப்படி ஏதும் உண்டா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: உங்கள் ஊரிலேயே செய்ததுதான்! இங்கிலாந்தின் லீட்ஸில் 1855இல் கட்டிய ஈ.ஐ.ஆர். (கிழக்கிந்திய ரயில்வே) 21 நீராவி இன்ஜினுக்குப் பெரம்பூர் லோகோ பணிமனைக்காரர்கள்தான் 2010இல் உயிர் கொடுத்தார்கள். சுதந்திர தினம் போன்ற நாட்களில் எழும்பூர்–கோடம்பாக்கம் இடையே ஓட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை அறிவித்தால் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், ஆனால் பிளாட்பாரத்தில் நின்றே படம் எடுங்கள். 2016இல் பழுதுபார்த்துத் திரும்பிய ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனின் லண்டன்–யார்க் தொடக்க விழா ஓட்டத்தில், ஆட்கள் தண்டவாளத்தில் இறங்கியதால் ரயிலையே நிறுத்த வேண்டியதாயிற்று.