நாற்பதாயிரம் படங்களில் அப்பா எங்கே?

கேள்வி: ஆறு ஆண்டுகளாக நிக்கான் கேமராவில் பறவைகளை, கேமரா மெருகேற்றாமல் தரும் மூலப் பதிவான ரா ஃபார்மட்டில் எடுத்துவருகிறேன். சுமார் 40,000 படங்கள் ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. லைட்ரூம் கிளாசிக், கேப்சர் ஒன், டார்க்டேபிள், டிஜிகேம் என்று பட மென்பொருள்கள் நான்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். சந்தா கட்டுவதா, இலவச மென்பொருளே போதுமா? எடிட்டிங்குக்கு ஒன்று, படங்களை அடுக்கிவைக்க ஒன்று என்று தனித்தனியாக வேண்டுமா? சென்ற ஆண்டு அப்பா தவறியபோது படத்திறப்புக்கு நல்ல படம் அகப்படவில்லை. அம்மா ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதைத்தான் பெரிதாக்கி மாட்டினோம். அன்றிலிருந்து இந்த ஒழுங்கின்மை உறுத்துகிறது.

— கோவை வாசகர்

பதில்: தம்பி, கேமராக்காரர் ஒருவர் இருக்கும் வீட்டில், கணவரின் முகத்துக்காக அம்மா ஆதார் அட்டையைத் தேடி எடுத்திருக்கிறார். இதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு, சந்தாவைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

"அகப்படவில்லை" என்கிறீர்களே, எடுக்கவே இல்லையா, எடுத்தது எங்கே என்று தெரியவில்லையா? எடுக்கவே இல்லை என்றால், மீன்கொத்திக்காக மணிக்கணக்கில் காத்திருக்கத் தெரிந்த உங்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எடுத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். புதுக் கேமராவோ லென்ஸோ வந்தால் யாரும் முதலில் குளக்கரைக்கு ஓடுவதில்லை. வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பவரைத்தான் சோதனைக்கு எடுப்பார்கள். அந்த அப்பா உங்கள் டிஸ்கில் கேமரா தானாக வைத்த, டிஎஸ்சி என்று தொடங்கும் வெறும் எண்ணாகக் கிடக்கிறார்.

ஆகவே உங்களுக்கு இப்போது எடிட்டிங் மென்பொருள் தேவையில்லை. 14 பிட் ரா படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 வெளிச்சப் படிநிலைகள் உண்டு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256தான். நிழலில் இருண்டுபோன முகத்தையும் மீட்டெடுக்க முடிவது அதனால்தான். அந்த வேலையை நிக்கான் இலவசமாகத் தரும் என்எக்ஸ் ஸ்டுடியோவே செய்யும். டார்க்டேபிள் இன்னும் ஆழமாகச் செய்யும். மீட்பதற்கு முதலில் படம் கையில் இருக்க வேண்டாமா?

டிஜிகேமை வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குவதற்கென்றே உருவானது, காசும் கேட்காது. லைட்ரூம் கிளாசிக் இரண்டு வேலையையும் ஒரே இடத்தில் செய்யும் என்பது உண்மை. வசதி இருந்தால் கட்டுங்கள். ஆனால் சந்தாவை நிறுத்தினால் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும்.

எதை எடுத்தாலும், நீங்கள் எழுதும் பெயர்களும் குறிச்சொற்களும் அந்த மென்பொருளின் கேட்டலாக் என்ற சொந்தப் பட்டியலுக்குள் மட்டும் அடைபட்டுக் கிடக்க விடாதீர்கள். படத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சிறு குறிப்புக் கோப்பாக எழுதும்படி அமைப்பை மாற்றுங்கள். 2005இல் வந்த ஆப்பிளின் அபெர்ச்சர் என்ற பட மென்பொருளை 2014இல் கைவிடுவதாக அறிவித்தார்கள். கூகுள் 2016இல் பிக்காசாவை நிறுத்தியது. ஒரு மென்பொருளில் செய்த நிறத் திருத்தம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் போய்ச் சேராது. எக்ஸ்எம்பியில் எழுதிய பெயரை மற்றவையும் பெரும்பாலும் படிக்கும்.

இன்னொன்று. ஆறு ஆண்டு உழைப்பு ஒரே டிஸ்கில்! கை தவறி ஒருமுறை கீழே விழுந்தால் போதும். சந்தாவுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் இரண்டாவது டிஸ்க் வாங்கிப் பிரதி எடுத்து, உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பறவைகளை விட்டுவிட்டு அம்மாவோடு கணினி முன்னால் உட்காருங்கள். டிஜிகேம் முகங்களைக் கண்டுபிடித்து, ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்துக் காட்டும். சில நேரம் சித்தப்பாவை அப்பா என்று சொல்லவும் செய்யும். அப்பாவின் தோளில் கை போட்டு நிற்பவர் யார், எந்த ஊர்க் கல்யாணம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்யுங்கள். அவருக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. இதைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை. பெற்றவர்களின் முகத்தைப் பத்திரப்படுத்துவது பிள்ளையின் கடமை என்று நம்புகிற பழைய ஆள் நான்.

வரும் திவசத்துக்குள் ஆதார் படம் சுவரிலிருந்து இறங்க வேண்டும். எந்தப் படத்தை மாட்டுவது என்று அம்மா தேர்ந்தெடுக்கட்டும். அவர் கை வைக்கும் படத்தில் ஃபோகஸ் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினாலும், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.