தீமோத்தேயுவுக்கு ஒரு நியாயம், தீத்துவுக்கு வேறொரு நியாயமா?

கேள்வி: விருத்தசேதனம் (ஆண்களின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்துகொண்டால் கிறிஸ்துவினால் உங்களுக்குப் பயனில்லை என்று கலாத்தியருக்கு எழுதிய பவுலே தம் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு அதைச் செய்வித்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. மற்றோர் உடன் ஊழியரான தீத்துவுக்கோ வேண்டாம் என்றார். இது முரண்பாடு இல்லையா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தீத்து கிரேக்கர். புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர், யூதராக மாறினால்தான் இரட்சிப்பு உண்டு என்று சிலர் வற்புறுத்தியபோது, விருத்தசேதனம் செய்துகொள்பவர் மோசேயின் நியாயப்பிரமாணம் முழுவதையும் கைக்கொள்ளக் கடமைப்படுகிறார் என்று சொல்லிப் பவுல் மறுத்தார். கி.பி. 49ஐ ஒட்டி எருசலேமில் கூடிய சபையும் விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தவை, வேசித்தனம் ஆகிய நான்கையும் விலக்கினால் போதும் என்றே புறஜாதியாருக்கு எழுதியது.

தீமோத்தேயுவின் நிலைதான் சிக்கலானது. தாய் ஐனிக்கேயாள் யூதப் பெண், தந்தை கிரேக்கர். தாய் யூதரானால் பிள்ளையும் யூதரே என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், அந்த விதி தெளிவாக எழுதப்பட்டிருப்பது கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில்தான். பழைய வழக்கம் வேறு. யோசேப்பு மணந்த ஆஸ்நாத்து எகிப்தியப் பெண், மோசே மணந்த சிப்போராள் மீதியானியப் பெண். ஆயினும் அவர்களுடைய பிள்ளைகள் இஸ்ரவேலராகவே எண்ணப்பட்டார்கள். நம்முடைய மலேசிய அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி' (மலாயில் 'மகன்') என்பதற்குப் பின் தந்தையின் பெயர் வருகிறதே, அப்படி அங்கும் வம்சம் தந்தை வழியாகவே சென்றது. ஆகவே, தீமோத்தேயுவை அவருடைய ஊரான லீஸ்திராவில் யூதராகக் கருதினார்களா, கிரேக்கராகக் கருதினார்களா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமிக்கவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கே சொல்லப்படும் காரணம். அவருடைய தந்தை கிரேக்கர் என்பதை அவ்விடத்து யூதர் எல்லாரும் அறிந்திருந்தார்கள் என்று மட்டுமே நடபடிகளின் ஆசிரியரான லூக்கா எழுதுகிறார். இரட்சிப்பைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஊர் ஊராகச் சென்று முதலில் யூதரின் ஜெப ஆலயத்தில் பேசுவது பவுலின் வழக்கம் என்பதால், உடன் வரும் இளைஞரின் பிறப்பைச் சொல்லி எவரும் பேச்சைத் தடுத்துவிடக் கூடாது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். பவுல் எதிர்த்தது சடங்கை அன்று, அதை இரட்சிப்புக்கு நிபந்தனையாக்கிய கட்டாயத்தையே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், டிரைபோ என்ற யூதருடன் நடந்த உரையாடலாகக் கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தீன் எழுதிய நூலிலும் இதே கேள்வி எழுகிறது. கிறிஸ்துவை நம்பியபின்னும் மோசேயின் பிரமாணத்தைக் கைக்கொள்ளும் யூதர், அதைப் பிறர்மேல் சுமத்தாதவரை, இரட்சிக்கப்படுவர் என்கிறார் யுஸ்தீன். அத்தகையவர்களோடு பேசிப் பழகவும் அவர்களை வீட்டுக்கு அழைக்கவும் மறுக்கும் கிறிஸ்தவர்கள் இருப்பதையும் ஒப்புக்கொண்டு, தமக்கு அதில் உடன்பாடில்லை என்றும் எழுதியிருக்கிறார்.