பழைய காரில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்துகொண்டே இருக்கிறது, என்னதான் செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால்: கோத்தகிரியில் 2006 மாடல் ஆல்ட்டோ, கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து காலையில் எல்லாக் கண்ணாடியும் உள்பக்கம் வெள்ளையாக மூடிக் கிடக்கிறது. துடைத்துவிட்டுக் கிளம்பினால் முதல் வளைவு வருவதற்குள் மறுபடி மூடுகிறது. கல்லுப்பைத் துணியில் கட்டி டேஷ்போர்டில் வைத்தும் பலன் இல்லை. கண்ணாடியில் பூசுகிற மருந்து ஏதாவது சொல்லுங்கள் என்கிறீர்கள்.

மருந்து கடையில் இருக்கிறது. இப்போதைக்கு வாங்காதீர்கள். நான் இருப்பது குன்னூர், ஓட்டுவது உங்கள் ஆல்ட்டோவைவிடப் பழைய ஜென். இந்த மலையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் படுகிற பாடுதான் இது. பெரும்பாலும் கோளாறு கண்ணாடியில் இருக்காது, காலடியில் இருக்கும்.

முன் இடது சீட்டுக்குக் கீழே போட்டிருக்கும் மேட்டை எடுத்துவிட்டு, தரையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்துதான் இருக்கும், அதை நம்பாதீர்கள். நம் ஊர் வண்டிகளில் வாங்கிய கையோடு தரைக்கு லேமினேஷன் போட்டுவிடுகிறார்கள் அல்லவா, அந்த ரெக்சின் விரிப்பின் ஓரத்தைக் கதவுப் பக்கம் சற்றுத் தூக்குங்கள். அதற்கு அடியில் கம்பெனி கார்ப்பெட், அதற்கும் அடியில் பஞ்சு மாதிரி ஒரு ஃபெல்ட். விரலை விட்டு அந்த ஃபெல்ட்டைப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் சொட்டும். பழைய சாக்கு வாடை அடிக்கும். மேலே ரெக்சின், கீழே தகரம். நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக வழியே கிடையாது. வண்டி ஓடி உள்ளே சூடானால் ஓரங்கள் வழியாக ஆவியாகக் கிளம்பும், இரவு குளிர்ந்ததும் கண்ணாடியில் போய் ஒட்டும். டிக்கியில் ஸ்டெப்னி டயர் கிடக்கும் குழியையும் மறக்காமல் பாருங்கள். டயரைத் தூக்கினால் சில வண்டிகளில் மீனே வளர்க்கலாம்.

உப்பு ஏன் கேட்கவில்லை என்பதற்குக் கொஞ்சம் கணக்கு. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 23 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராம் சொச்சம்தான். சின்னக் காருக்குள் இரண்டரை கன மீட்டர் காற்று என்று வையுங்கள்: குளிர்ந்த காலையில் அந்தக் காற்று முழுக்கச் சேர்த்தாலும் ஐந்து டீஸ்பூன் தண்ணீரைக்கூடத் தாங்காது, மிச்சமெல்லாம் கண்ணாடிக்குத்தான். ஒரு ஆளின் மூச்சிலும் தோலிலும் மட்டும் மணிக்கு ஏறக்குறைய 30 கிராம் வெளியேறுகிறது. இதற்கு நடுவே காலடி ஃபெல்ட்டில் இரண்டு லிட்டர் தேங்கிக் கிடந்தால் ஒரு பை உப்பு என்ன செய்துவிடும்? அதிலும் சுத்தமான உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுக்கவே தொடங்கும். இழுத்த உப்புத் தண்ணீர் சிந்தினால் தகரம் துருப்பிடிப்பது தனி. சிலிக்கா ஜெல் உப்பைவிட எவ்வளவோ மேல், ஆனால் அதுவும் தன் எடையில் 40 சதவீதம் குடித்தாலே பெரிய விஷயம். அரை கிலோ பை 200 கிராம் குடிக்கும், அவ்வளவுதான். தரை காய்ந்த பிறகு வைத்தால் பிரயோஜனம் உண்டு, அதற்கு முன்னால் காசுக்குக் கேடு.

ஆக, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. வண்டியை சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்துகிறீர்களா? பானட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடியில் வழிகிற மழைத் தண்ணீர் அங்கேதான் இறங்கும், இரண்டு பக்க ஓரங்களிலும் அது வெளியேற ஓட்டை உண்டு. சில்வர் ஓக் இலை மெலிசாகக் கிழிந்து கிழிந்து விழும். அது அங்கே மக்கி, டீத்தூள் சக்கை மாதிரி ஓட்டையை அடைத்துவிடும். தண்ணீர் தேங்கி மேலேறினால் அடுத்த வழி, புளோயருக்கு வெளிக்காற்று போகிற துவாரம். அது நேராக இடது காலடிக்குக் கொண்டுவந்து விடும். இலையைக் கையால் அள்ளிவிட்டு, ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, சக்கரத்துக்குப் பின்னால் தரையில் கொட்டுகிறதா என்று பாருங்கள். நான் பார்த்த பாதி வண்டிகளுக்கு வைத்தியம் இத்தோடு முடிந்துவிட்டது.

அடுத்த சந்தேகம் கதவு. கதவுக் கண்ணாடியின் இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் போவது சகஜம், கட்டமைப்பே அப்படித்தான். கதவின் அடிவிளிம்பில் உள்ள ஓட்டைகள் வழியாக அது வெளியே போய்விட வேண்டும், ஓட்டையில் மண் அடைத்தால் போகாது. உள்பக்க டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதுதான் தண்ணீர் நம் பக்கம் வராமல் தடுக்கிறது. ஸ்பீக்கர் மாட்டுகிற கடைப் பையன்கள் முதலில் கிழித்தெறிவது அந்தத் தாளைத்தான். மாட்டிய இடத்தில் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள், "அது தேவையில்லை சார்" என்பார்கள். தேவை. கொஞ்சம் கெட்டியான பாலித்தீன் தாளை அளவாக வெட்டி, பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டிவிட்டால் போதும்.

கதவு ரப்பர் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வழுக்கிக்கொண்டு வருகிற இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. டிக்கியில் தண்ணீர் என்றால் பின்விளக்குக்குப் பின்னால் இருக்கும் ஸ்பான்ஜ் வளையத்தைப் பாருங்கள். முன்கண்ணாடி என்றால் அம்பாசடர், பழைய 800 மாதிரி ரப்பர் பீடிங் வைத்த வண்டிகளில் பீடிங் வெடித்திருக்கும். பசை போட்டு ஒட்டிய கண்ணாடியில், முன்பு எப்போதாவது கண்ணாடி மாற்றியிருந்தால் அந்த ஒட்டில் இடைவெளி விட்டிருப்பார்கள். கண்டுபிடிக்க ஓஸ் பைப்பை மெதுவாகத் திறந்து கீழிருந்து மேலாகக் காட்டிக்கொண்டே வர வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையிலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனையும், எந்த இடமென்று தெரியாது.

மழையே இல்லாத நாளிலும் இடது காலடி நனைகிறதா? அப்படியானால் இரண்டே சாத்தியம். ஏசி தண்ணீர் சொட்டுகிற குழாய் அடைத்திருக்கலாம். ஏசி போட்டு நிறுத்திய வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டாமல் இருந்தால் இதுதான், அடியிலிருந்து காற்றடித்தால் திறந்துகொள்ளும். இன்னொன்று ஹீட்டர் கோர் ஒழுகுவது; எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் தண்ணீர் சூடாக ஓடி, காரின் உள்காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்தான் அது. தண்ணீரில் பச்சையோ சிவப்போ நிறம், லேசான இனிப்பு வாடை, முன்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பிசுக்கு, கூலன்ட் குறைவது: இவை சேர்ந்து இருந்தால் தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் போங்கள். இது வெறும் ஆவிப் பிரச்சினை இல்லை, எஞ்சினையே பாதிக்கும்.

ஹீட்டர் பற்றிப் பேசுகையில், உங்கள் வண்டி கோயம்புத்தூர் வண்டி என்பதால் ஒன்று கேட்கிறேன். ஹீட்டர் வேலை செய்கிறதா? சமவெளியில் யாரும் ஹீட்டரைத் தொடுவதில்லை. கோர் ஒழுகினால் மாற்றாமல், எஞ்சினிலிருந்து அதற்குப் போகிற இரண்டு ஓஸையும் ஒன்றோடொன்று சேர்த்து கிளாம்ப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அங்கே அது புத்திசாலித்தனம், இங்கே அந்த வண்டியை வாங்கியவர் தலையெழுத்து. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு லீவரைச் சிவப்புப் பக்கம் தள்ளியும் குளிர்ந்த காற்றே வந்தால், பானட்டைத் திறந்து டேஷ்போர்டுக்கு முன் உள்ள தகரச் சுவரில் இரண்டு ஓஸும் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே 2015, 2023 சென்னை வெள்ளத்தில் முங்கிய வண்டிகள் கைமாறி மேற்கே வந்திருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரிந்தால் காரணம் உங்களுக்கே புரிந்துவிடும்.

ஓட்டையை அடைத்தாயிற்று என்றால் காய வைப்பது. இதில் குறுக்குவழி கிடையாது. முன் சீட்டுகளைக் கழற்றி (ஒவ்வொன்றுக்கும் நான்கு போல்ட், ஏர்பேக் உள்ள வண்டியானால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, அதுவும் மெக்கானிக் கையால்), லேமினேஷனை எடுத்துத் தூரப் போடுங்கள், திரும்பப் போடாதீர்கள். கார்ப்பெட்டும் ஃபெல்ட்டும் முழுசாக வெளியே வர வேண்டும். தரைத் தகரத்தில் துரு இருந்தால் சுரண்டி பிரைமர் அடிக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. மார்கழி வரை நம் மலையில் வெயிலை எதிர்பார்த்துப் பயனில்லை. மேட்டுப்பாளையம் இறங்குகிற வேலை இருந்தால் ஃபெல்ட்டையும் வண்டியில் போட்டுக்கொண்டு போங்கள், கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஒரு பகல் அங்கே வெயிலில் நின்றால் இங்கே ஒரு வாரத்தில் ஆகாதது ஆகும். நைந்துபோன ஃபெல்ட்டை விட்டுத்தள்ளுங்கள், புதிதாக வெட்டிப் போடுவது சுலபம்.

இனி ஓட்டும்போது. உள்காற்றையே சுற்றவிடுகிற லீவரை வெளிக்காற்றுப் பக்கம் தள்ளிவிடுங்கள். ஊருக்குள் புகைக்குப் பயந்து மூடியவர்கள் அதைத் திறக்க மறந்துவிடுகிறார்கள், நாலு பேர் மூச்சும் உள்ளேயே சுழல்கிறது. காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். குளிரில் ஏசியா என்று வீட்டில் கேட்பார்கள். ஏசி காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்கும், ஹீட்டர் அந்தக் காய்ந்த காற்றைச் சூடாக்கும், கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும். உறைகிற குளிரில் மட்டும் கம்ப்ரசர் ஓடாது, அப்போது ஹீட்டரும் வெளிக்காற்றும்தான். பாதி வழியில் ஏசியைச் சட்டென்று அணைக்காதீர்கள். உள்ளே காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீரை புளோயர் அப்படியே உங்கள் கண்ணாடிக்குத் தள்ளும், வளைவில் ஒன்றும் தெரியாமல் போகும்.

கீழே, மழை விட்ட புழுக்கத்தில் ஏசி போட்டு ஓட்டும்போது கண்ணாடி மூடினால் அது வேறு கதை. விரலால் உள்ளே தேய்த்துப் பாருங்கள், போகாது. குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் படிந்த ஈரம் அது. வைப்பரை ஒரு தடவை ஓட்டி, கண்ணாடிக்குப் போகிற குளிர்காற்றைக் குறைத்தால் போதும். மலையேற ஏற ஆவி வெளியிலிருந்து உள்ளே இடம் மாறும்.

நீங்கள் கேட்ட மருந்துக்கு வருகிறேன். தண்ணீரைத் துளித்துளியாக நிற்கவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்புவதுதான் அதன் வேலை. ஷாம்பு தேய்த்துத் துடைத்தாலும் அதேதான், ஓரிரு நாள் தாங்கும், இரவில் எதிர்வண்டி வெளிச்சத்தில் கலங்கலாகத் தெரியும். அதைவிடக் கண்ணாடியின் உள்பக்கத்தை ஒருமுறை ஒழுங்காகச் சுத்தம் செய்யுங்கள். டேஷ்போர்டு பாலிஷும் பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் பிசுக்கும் ஒரு படலமாகப் படிந்திருக்கும், ஆவி அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடைத்தால் துணி கறுப்பாக வரும். பின்கண்ணாடியில் டிஃபாகர் கோடுகள் (மின்சாரத்தில் சூடாகி ஆவியை நீக்குகிற மெல்லிய கோடுகள்) இருந்தால் கோட்டின் திசையிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே அழுத்தித் தேய்த்தால் அறுந்துவிடும். அறுந்த கோட்டை மின்சாரம் கடத்துகிற சில்வர் பெயின்டால் தொட்டு ஒட்டலாம். கோடே இல்லாத மாடல் என்றால், பின்கதவுக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் வழி.