1965 எம்ஜிபி காரின் கியர்பாக்ஸ்: முதல் மூன்று கியரிலும் சத்தம், நான்காவதில் மட்டும் அமைதி. பேரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. முதலில் பார்க்க வேண்டியது லேஷாஃப்டை, அதாவது லேகியர் என்ற பல்சக்கரத் தொகுதி சுற்றும் தண்டை. நான்காவது கியரில் விசை உள்ளே வரும் ஷாஃப்டிலிருந்து நேராக வெளியே போகிறது; லேகியர் சும்மா சுற்றுமே தவிர சுமை ஏறாது. மற்ற மூன்றிலும் முழுச் சுமையும் அதன் மேல்தான். நியூட்ரலில் கரகரவென்று கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் அடங்கினால் முன் பேரிங்கும் சந்தேகத்துக்குரியதே.

லேகியருக்குள் ஊசி போன்ற ரோலர் பேரிங்குகள் ஓடும் இடத்தில் ஷாஃப்டை நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தாலோ, பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தாலோ ஷாஃப்டையும் ரோலர்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய ஷாஃப்டில் புது ரோலர் போடுவது காசுக்குக் கேடு. பற்களில் கடினப்படுத்திய மேலடுக்கு உரிந்திருந்தால் லேகியரும் போச்சு, செலவு எகிறும்.

ஆனால் ஒன்று. 1967 வரை வந்த கியர்பாக்ஸ்களில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது, பற்களும் நேர்ப்பற்கள். அதனால் முதல் கியரில் வரும் ஊளைச் சத்தம் பிறவிக் குணம். எவ்வளவு செலவழித்தாலும் போகாது.

இந்தக் காரில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துத்தான் வெளியே தூக்குவது வழக்கம். அவ்வளவு பாடுபட்ட பிறகு கிளட்ச் தட்டு, கார்பன் ரிலீஸ் பேரிங், ஆயில் சீல் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அப்புறம் ஆயில்: கியர் ஆயில் வேண்டாம், 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில்தான்.