ஆபகூக்கின் ‘எமுனா’

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். ஆண்டுதோறும் அக்டோபர் 31, மார்ட்டின் லுத்தர் தொடங்கிய சபைச் சீர்திருத்தத்தை நினைவுகூரும் திருநாளுக்கு, ‘தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்’ என்னும் ஆபகூக் தீர்க்கதரிசியின் வசனத்தை (2:4) பிள்ளைகளுக்கு மனப்பாட வசனமாகக் கொடுப்பது வழக்கம். எபிரெயம் படித்த நண்பர் ஒருவர் அண்மையில் என்னைக் கலங்க வைத்துவிட்டார். அங்கே உள்ள சொல் ‘எமுனா’; அதற்கு விசுவாசம் என்று பொருளில்லை, உண்மையாக நடந்துகொள்வது என்றுதான் பொருள்; பவுலும் லுத்தரும் தீர்க்கதரிசியின் வாயில் தங்கள் சொல்லைத் திணித்துவிட்டார்கள் என்கிறார். அன்றுமுதல் அந்த வசனத்தைச் சொல்லிக்கொடுக்க நா எழவில்லை. லுத்தரனாக இருந்துகொண்டு தீர்க்கதரிசிகளை நேர்மையாக வாசிக்க முடியுமா?

ஆர்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. எமுனா என்றால் ஒரு கொள்கையை மனத்தால் ஒப்புக்கொள்வது அல்ல. உறுதி, அசையாமை, நம்பி நிற்கத் தக்க தன்மை என்பதே அதன் பொருள். நாம் ஜெபத்தின் முடிவில் சொல்கிற ‘ஆமென்’ அதே வேரில் பிறந்தது.

ஆனால் இதனால் லுத்தர் பொய்த்துவிட்டார் என்று முடிவுகட்டுவதற்கு முன் யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வேதத்தில் எமுனா முதன்முதலாக வருவது அங்கேதான். அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. மலையுச்சியில் மோசே கையை ஏறெடுத்து நிற்கிறார்; கை உயர்ந்திருக்கும்வரை இஸ்ரவேலர் மேற்கொள்கிறார்கள். கைகள் அசந்துபோகின்றன. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைக்கிறார்கள். ஆரோன் ஒருபக்கம், ஊர் என்பவர் மறுபக்கம் நின்று அந்தக் கைகளைத் தாங்குகிறார்கள். ‘அவன் கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரையும் ஒரே நிலையாயிருந்தது’ என்கிறது நம் தமிழ் வேதம். அந்த ‘ஒரே நிலை’தான் மூலத்தில் எமுனா. அது மோசேயின் புஜபலம் அல்ல என்பதைக் கவனியுங்கள். அசந்துபோன கை, தாங்கப்பட்டதால் நிலைத்தது.

லுத்தர் விசுவாசம் என்று சொன்னதும் இதைத்தான். ரோமர் நிருபத்துக்கு அவர் 1522இல் எழுதிய முன்னுரையில், விசுவாசம் என்பது தேவனுடைய கிருபையின்மேல் வைக்கிற உயிருள்ள, துணிவான நம்பிக்கை என்கிறார். மனிதன் தானாகக் கற்பித்துக்கொள்ளும் எண்ணத்தை விசுவாசம் என்று அழைக்க அவர் அங்கேயே மறுத்துவிடுகிறார்.

தீர்க்கதரிசிகளிலேயே இதற்குச் சாட்சி உண்டு. பகைவர் இருவர் கூடிவருகிறார்கள் என்று கேட்டு, காற்றில் காட்டு மரங்கள் அசைவதுபோல ஆகாஸ் ராஜாவின் இருதயம் அசைந்தபோது, ஏசாயா அவனிடம் சொன்னது: ‘நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்’ (7:9). எபிரெயத்தில் விசுவாசிப்பதும் நிலைபெறுவதும் ஒரே வேர்ச்சொல்லின் இரு வடிவங்கள். அந்த ஓசை நயத்தை விட்டுவிட லுத்தருக்கு மனமில்லை. ‘கிளாவ்பெட்’, ‘பிளைபெட்’ என்று ஜெர்மானிய மொழியிலும் ஒலி ஒத்துவரச் செய்தார். தீர்க்கதரிசிகளை ஜெர்மன் பேசவைப்பது, ஓர் இராப்பாடிப் பறவையைத் தன் இன்னிசையை விட்டுவிட்டுக் குக்கூப் பறவையைப்போல ஒரே சுரத்தில் கூவச் சொல்வதாக இருக்கிறது என்று 1528இல் நண்பருக்கு எழுதியவர் அவர். எபிரெயத்தின்மேல் அக்கறை இல்லாதவர் இப்படி வேதனைப்படமாட்டார்.

ஏசாயாவைப் படிக்க வேண்டுமானால் ராஜாக்களின் புத்தகத்தையும் நாளாகமத்தையும் முதலில் படி, எருசலேமைச் சுற்றி எந்தெந்த நாடுகள் இருந்தன என்று தெரிந்துகொள் என்று முன்னுரை எழுதியவரும் அவரே. 1526இல் ஆபகூக்குக்கு விளக்கம் எழுதியபோது அந்தப் பெயருக்கு ‘கட்டியணைப்பவன்’ என்று பொருள் கொண்டார். அழுகிற குழந்தையைத் தாய் மார்போடு அணைத்து ஆற்றுவதுபோல, கல்தேயர், அதாவது பாபிலோனியர், வருகிறார்கள் என்று நடுங்கிய ஜனத்தை அணைத்துத் தேற்றுகிற தீர்க்கதரிசி என்றார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. முதலில் அந்த மக்களின் பயம், அதன் பிறகுதான் கிறிஸ்து. என் கணிப்பில் லுத்தரன் வாசிப்பின் சரியான வரிசை இதுதான்.

ஆபகூக் எழுதியதும் பவுல் எடுத்தாண்டதும் முழுக்க ஒன்றே என்று நான் வாதாடமாட்டேன். எபிரெயத்தில் ‘தன்’ எமுனா. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் ‘என்’, அதாவது தேவனுடைய உண்மை. பவுல் இரண்டையும் விட்டுவிட்டு வெறுமனே ‘விசுவாசத்தினாலே’ என்கிறார். யாருடைய பிடி என்ற கேள்வி ஆதியிலிருந்தே திறந்தே இருக்கிறது. தேவன் பிடித்திருப்பதால் நான் பிடித்திருக்கிறேன் என்று லுத்தரன் வாசிக்கிறான். அதை வெட்கமில்லாமல் சொல்லலாம்.

வெட்கப்பட வேண்டியது வேறொன்று. இதே தீர்க்கதரிசிகளை யூதர்கள் வேறுவிதமாக வாசிக்கிறார்கள் என்பதை லுத்தரால் கடைசிவரை பொறுக்க முடியவில்லை. அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி 1543இல் ஒரு நூலே எழுதினார். உலக லுத்தரன் கூட்டமைப்பு 1984இல் அந்தப் பேச்சுகளைத் தள்ளிவிட்டது. ஆகவே அவர்களுடைய வாசிப்பையும் உட்கார்ந்து கேட்பது நம் கடமை. யூத ரபீக்களின் நூலான தல்மூதின் மக்கோத் பகுதியில், மோசேக்குக் கொடுக்கப்பட்ட 613 கட்டளைகளைத் தாவீது 11 ஆகவும் மீகா மூன்றாகவும் சுருக்கியதைச் சொல்லி, கடைசியில் ஆபகூக் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தினான் என்கிறார்கள். அந்த ஒன்று உங்கள் மனப்பாட வசனம்தான். நம்மைப்போலவே அவர்களும் அதை உச்சியில் வைத்திருக்கிறார்கள்.

‘பிழைப்பான்’ என்ற தமிழ்ச் சொல்லையும் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். சாகக் கிடந்தவர் பிழைத்துக்கொண்டார் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பிழைப்பு. கல்தேயரின் குதிரைகள் வரும் நாளில் ஆபகூக் கேட்ட சொல் அது.

இந்த அக்டோபரில் வசனத்தை மாற்ற வேண்டாம். வகுப்பில் ஒரு பையனை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் கை இறங்கும். அப்போது இரண்டு பிள்ளைகளை அனுப்பி இருபுறமும் தாங்கச் சொல்லிவிட்டு, எமுனா என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுங்கள்.