தேர்தல் நடந்தும் தாராளவாத ஜனநாயகம் ஏன் தடுமாறுகிறது?

"தேர்தல்தான் ஒழுங்காக நடக்கிறதே, பிறகு ஜனநாயகத்துக்கு என்ன ஆபத்து?" என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். தாராளவாத ஜனநாயகத்தில் இரண்டு பாதி உண்டு. பெரும்பான்மை ஆள்வது ஒன்று, அந்தப் பெரும்பான்மைக்கும் நீதிமன்றம், அரசியலமைப்பு போன்றவற்றால் கடிவாளம் போடுவது இன்னொன்று. இப்போது சில ஆட்சியாளர்கள் முதல் பாதியை வைத்தே இரண்டாவதை அறுக்கிறார்கள்.

ஹங்கேரியைப் பாருங்கள். 2010 தேர்தலில், அதன்பின் பிரதமரான விக்டர் ஓர்பானின் அணி ஏறக்குறைய 53 சதவீத வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்தது. அந்தப் பலத்தில் அடுத்த ஆண்டே புது அரசியலமைப்பு. நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-லிருந்து 62-க்கு இறக்கினார்கள். மூத்தவர்கள் கூட்டமாக வெளியேற வேண்டியதாயிற்று. அது விதிமீறல் என்று 2012-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சொன்னபோது பல நாற்காலிகள் கைமாறியிருந்தன. டாங்கி எதுவும் தெருவில் இறங்கவில்லை, எல்லாம் நாடாளுமன்றம் வழியாகத்தான்!

சரி, மக்கள் ஏன் இதை நடக்க விடுகிறார்கள்? 2008 நிதி நெருக்கடியில் வங்கிகளைக் காப்பாற்ற அரசுகள் காட்டிய வேகத்தை வேலை இழந்தவர்களிடம் காட்டவில்லை. அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை. அப்புறம் சமூக ஊடகம். கோபத்தை அது வேகமாகப் பரப்புகிறது, உண்மைதான். ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவது சோம்பேறித்தனம் என்றே எனக்குத் தோன்றுகிறது.